பச்சைப் பாட்டிலும் நாத்தனார்மாரும்

"டம்ளர் இல்ல, அஹுதியா. ஒண்ணுகூட இல்ல. நம்பலைன்னா வந்து அலமாரியப் பாரு."

அஹுதியா போய்ப் பார்த்தாள். துடைத்து வைத்தது போலக் காலியாகத்தான் இருந்தது. உமுவாலா கிராமத்தில் கல்யாணமோ சாவோ, பந்தல், நாற்காலி, கண்ணாடி டம்ளர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவள் சினாசா ஒருத்திதான். அவளும் இதே குலத்துக்கு வாழ வந்தவள். அஹுதியாவுக்கு ஓரகத்தி முறை.

"போன மாசமே சொல்லி வச்சேனே, அக்கா."

"சொன்ன. யாரு இல்லைன்னா? லாகோஸ்லேருந்து ஒருத்தன் பட்டம் கட்டிக்க வந்திருக்கான், மூணு நாள் விருந்து. கேக்காம கொள்ளாம அள்ளிட்டுப் போய்ட்டான். பிளாஸ்டிக் கெடக்கு, வேணுங்கறத எடுத்துக்கோ."

"பிளாஸ்டிக்கா! போன வருஷம் நடந்தது உனக்கு மறந்துபோச்சா?"

"அத யாரு மறப்பா?" என்ற சினாசா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போன வருஷம் நடந்தது இதுதான். கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள், அந்தக் குலத்தில் பிறந்து நாலா திசைக்கும் வாழப்போன பெண்கள் எல்லாம் பிறந்த வீட்டில் கூடுவார்கள். வாழ வந்த மருமகள்கள் முறைவைத்து அவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். முறை அஹுதியாவுடையது. கசப்புக்கீரைக் குழம்பு, கருவாடு, இடித்த வள்ளிக்கிழங்கு என்று ஒரு குறையும் வைக்கவில்லை. கள்ளை மட்டும் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். நாத்தனார்மாருக்கெல்லாம் தலைவியான உலோவாகு அந்த டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இது என்னடி, கொல்லைக்குப் போறப்போ எடுத்துட்டுப் போற குவளையா?" என்றாள். கள்ளை மண்ணில் ஊற்றி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான். இருபத்தெட்டுப் பேரும் வரிசையாகக் கவிழ்த்தார்கள். சோற்றில் ஒருத்திகூடக் கை வைக்கவில்லை.

அஹுதியா ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு போய் உலோவாகு வாசலில் முழங்காலிட்டாள். ஆட்டை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் அந்த அம்மாள் வாய் திறந்தாள். "அடுத்த வருஷமும் உன் முறைதான். அப்பவும் கவுக்கிற மாதிரி வச்சேன்னா, இந்த வீட்டுப் பொண்ணுங்க ஒருத்தியும் இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டோம்."

அஹுதியாவின் மூத்த மகளுக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம். அத்தைமார் இல்லாமல் ஒரு பெண்ணை அந்த ஊரில் வழியனுப்ப முடியாது. மாப்பிள்ளை வீட்டார் கள்ளுப்பானையோடு வந்து நின்றாலும், "பொண்ணோட அத்தைங்க எங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். பிளாஸ்டிக்காம் பிளாஸ்டிக்!

விருந்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அஹுதியாவுக்குப் பிழைப்பு நாற்சந்தியில் காராமணி வடை சுட்டு விற்பது. மறுநாள் காலை வியாபாரம் முடிந்து, சட்டியில் மிஞ்சிய சிவப்புப் பாமாயிலைப் பாட்டிலில் ஊற்றினாள். எப்போதும் ஆற வைத்துத்தான் ஊற்றுவாள். அன்று மனசு டம்ளரிலேயே இருந்ததால் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டாள். பாட்டிலும் வழக்கமான பாட்டில் இல்லை. குலத்தார் கூடிப் பேசும் குலக்கூடத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் கிடந்த பச்சை நிறச் சதுர ஜின் பாட்டில். வடக்கேயிருந்து புழுதிக்காற்று வீசுகிற மாசம், விடியற்காலை விறைக்கும். பாட்டில் பனிக்கட்டி போலச் சில்லிட்டிருந்தது.

'டிக்' என்றது.

கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். மேல் பாதி மட்டும் கையோடு வந்தது. கீழ்ப் பாதி எண்ணெயோடு அப்படியே மேசைமேல் நின்றது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"ஏங்க! இங்க ஓடி வாங்க!"

அவள் கணவன் உகண்டு பக்கத்திலேயே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். "என்ன, கையச் சுட்டுக்கிட்டியா?"

"கைக்கு ஒண்ணுமில்ல. இதப் பாருங்க."

"அடப் பாவமே, எண்ணெய் போச்சா?"

"எண்ணெய விடுங்க மனுஷா! விளிம்பப் பாருங்க. எண்ணெய் நின்ன மட்டத்துக்கு, கத்தியால வெட்டினாப்பல!"

உகண்டு குனிந்து பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இருபது வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியாதா?

"வேணாம். கையக் கிழிச்சுக்காத."

"டம்ளர் மாதிரியே இருக்குல்ல?"

"சதுரமா இருக்கு."

"நாத்தனாருங்க வாய் மட்டும் என்ன வட்டமாவா இருக்கு?"

குப்பைமேட்டில் அந்தப் பாட்டில்கள் ஒரு குவியலே கிடந்தன. எல்லாம் மண் அப்பி, கழுத்தில் மண் அடைத்து. இரண்டு நடையில் கூடையில் சுமந்து வந்தாள். குச்சியால் குத்திக் குத்தி மண்ணை எடுத்துக் கழுவி அடுக்கினாள். நாற்பதுக்கு மேலிருந்தது.

உகண்டு தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினான். "நூல மண்ணெண்ணெயில நனைச்சுச் சுத்தணும். கொளுத்தணும். எரிஞ்சு அடங்கறப்போ தண்ணிக்குள்ள முக்கணும். பட்டுன்னு விட்டுப்போகும். பட்டறையில பாத்திருக்கேன்."

பட்டென்றுதான் போனது. நூறு துண்டாக.

"நீங்க பாத்த பாட்டில் உருண்டையா, சதுரமா?" என்று கேட்டாள் அஹுதியா.

"உருண்டை."

"அதானே. இதுல மூலையிலதான் நூல் பிடிக்குது, தட்டைப் பக்கத்துல தொங்குது. தொட்ட எடம் சுடுது, தொடாத எடம் சும்மா இருக்குது. அப்புறம் எப்படி ஒழுங்கா விடும்? எண்ணெய்னா நாலு பக்கமும் ஒண்ணுபோலத் தொடும். எனக்கு உங்க நூலும் வேணாம், நெருப்பும் வேணாம். ஒரு கம்பி குடுங்க."

குலக்கூடத்துக்குச் சிமெண்ட் போட்டபோது மிஞ்சிய மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று கிடைத்தது. பாட்டிலில் அரைச் சாண் உயரத்துக்கு ஆறின எண்ணெயை ஊற்றினாள். கம்பியின் நுனியை வடை அடுப்பில் செந்தணலாகக் காய்ச்சி, பாட்டில் கழுத்து வழியாக எண்ணெயின் மேல்மட்டத்தில் மெல்ல இறக்கினாள். புஸ் என்று புகை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'டிக்.'

"விட்டுச்சா?" என்றான் உகண்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

அவள் மேல் பாதியைத் தொப்பி கழற்றுவது போலக் கழற்றிக் காட்டினாள்.

அன்று ஆறு பாட்டில். மறுநாள் ஒன்பது. கை பழகப் பழக அவளுக்கு அவசரம் வந்தது. ஒவ்வொன்றாக ஊற்றி, வெட்டி, மறுபடி ஊற்றி என்று எத்தனை நாள் இழுப்பது? வீட்டிலிருந்த எண்ணெயையெல்லாம் சேர்த்து ஒரு மாலையில் பத்துப் பாட்டிலை ஒரே மூச்சில் நிரப்பி முற்றத்தில் வரிசையாக நிறுத்தினாள். காலையில் எடுத்து எடுத்து வெட்டலாம் அல்லவா?

காலையில் ஒவ்வொன்றாக மேசைக்குக் கொண்டுவந்து கம்பியை இறக்கினாள். நான்கு முடிந்த பிறகுதான் வரிசையாக வைத்துப் பார்த்தாள். நான்கின் வாயும் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா சினாசா வர வேண்டும்!

"ஏதோ டம்ளர் பண்றன்னு ஊரே பேசுதேன்னு பாக்க வந்தேன். இது என்னடி கோலம்? கழுத்தச் சாச்சுக்கிட்டா குடிக்கணும் உன் நாத்தனாரு?"

"போ அக்கா. நானே வயித்தெரிச்சல்ல இருக்கேன்."

"கோவிச்சுக்காத. உலோவாகு அம்மாவுக்கு ஏற்கெனவே கழுத்து ஒரு பக்கம் சாஞ்சுதான் இருக்கும். அவங்களுக்கு ஒண்ணு வச்சுடு, பொருத்தமா இருக்கும்" என்று சினாசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே போகட்டும் என்று விட்டுவிட்டு, அஹுதியா மிச்சப் பாட்டில் ஒன்றைத் தூக்கிச் சாய்த்தாள். எண்ணெய் அசையவில்லை. மெழுகு போல உறைந்திருந்தது. ஓ, இதுதானா சங்கதி! மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று முற்றத்தைச் சரிவாகத்தான் போட்டிருந்தார்கள். சரிவில் நின்ற பாட்டிலில் எண்ணெய் சரிவாகவே உறைந்துவிட்டது. பாட்டிலை நேரான மேசைக்குக் கொண்டுவந்தால் பாட்டில்தான் நேராக நிற்கும். உறைந்த எண்ணெய் நிமிருமா? இந்தக் குளிரில் பாமாயில் உறையும் என்று வடைக்காரிக்கு ஒருத்தர் வந்து சொல்ல வேண்டுமா? "எனக்கில்ல புத்தி வேணும்" என்று தலையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து பாட்டிலை மேசைமேல், வெதுவெதுப்பான தண்ணீர்ச் சட்டியில் நிறுத்தி, எண்ணெய் இளகி மட்டம் பார்த்துக்கொண்ட பிறகுதான் கம்பி. அப்புறம் ஒன்றுகூடக் கோணவில்லை.

வெட்டுவது பாதி வேலைதான். விளிம்பு கத்தியாக நின்றது. கூடத்து வாசலில் மிஞ்சிக் கிடந்த சிமெண்ட் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, மணலும் தண்ணீரும் விட்டு, டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, வட்டமாக வட்டமாகத் தேய்த்தாள். கர் கர் என்று தெருவுக்கே பல் கூசியது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அஹுதியா, புண்ணியமாப் போகும், காதுல ரத்தம் வருது" என்றார். "இன்னும் பதிமூணுதான் அண்ணே, பஞ்சு வச்சுக்கோங்க" என்று அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். உள்விளிம்பை ஈரச் சாணைக்கல்லால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் முதலில் விரல், பிறகு தன் கீழுதடு. உதட்டில் உறுத்தினால் மறுபடி பலகைக்கு. கடைசியில் சாம்பலும் எலுமிச்சையும் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் கவிழ்த்தாள். முப்பத்திரண்டு டம்ளர். வெயில் பட்டதும் மேசை முழுக்கப் பச்சை வெளிச்சம் ஆடியது.

விருந்தன்று காலை உகண்டு கஞ்சிக் கிண்ணத்தோடு அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்தான். "அழகாத்தான்டி இருக்கு. ஆமா, இத்தனை பாட்டில் எந்தக் குப்பையில கெடச்சுது?"

"கூடத்துக்குப் பின்னாடி. வாசலுக்குச் சிமெண்ட் போடறப்போ நம்ம ஆம்பளைங்க தோண்டிப் போட்டாங்கல்ல, அதுதான். வாசலச் சுத்தி அழகுக்குத் தலைகீழா நட்டு வச்சிருந்ததே."

உகண்டு கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அழகுக்கா?"

"பின்ன?"

"அஹுதியா... அது எங்க அக்காமாரு, அத்தைமாரு பாட்டில்டி. ஒவ்வொருத்தியக் கேட்டு மாப்பிள்ளை வீடு வர்றப்போ கொண்டாந்த ஜின். பெரியவங்க குடிச்சு முடிச்சதும், பொண்ணப் பெத்த அப்பன் அந்தப் பாட்டில வாசல்ல நடுவான். இத்தனாவது பொண்ணு கட்டிக்கொடுத்தோம்னு ஒரு கணக்கு. அனோசிகே பெரியப்பா தலைவரானதும் அந்த வழக்கம் நின்னுபோச்சு. உனக்கு யாரும் சொல்லலையா?"

"இருபது வருஷமா யாரும் சொல்லல. நீங்களும் சொல்லல!"

"நீ குப்பைன்ன, நானும் ஏதோ விருந்துக் குப்பைன்னு நெனச்சேன்."

அஹுதியா மேசைப் பக்கம் திரும்பினாள். பிளாஸ்டிக்குக்கே கவிழ்த்தவர்கள் இதற்கு என்ன செய்வார்கள்? அவர்களுடைய கல்யாணத்தையே அல்லவா வெட்டித் தேய்த்து வைத்திருக்கிறாள்!

சேதி கேட்டுச் சினாசா ஓடி வந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "ஆபா சந்தையில வாங்கினதுன்னு சொல்லிடு. பச்சைப் பாட்டில் எங்கதான் இல்ல? யாருக்குத் தெரியப் போகுது?"

அஹுதியா ஒரு டம்ளரை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தாள். விளிம்பில் விரலை ஓட்டினாள். ஒரு பிசிறு இல்லை.

"இல்ல அக்கா. கவுக்கறதா இருந்தா உண்மையச் சொன்ன அப்புறமே கவுக்கட்டும்."

மதியத்துக்குள் நாத்தனார்மார் குலக்கூடத்து முன்பந்தலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே நிறத் துணியில் இருபத்தெட்டுப் பேர், பாட்டும் கைதட்டலுமாக. முன்னால் உலோவாகு, கைத்தடியோடு. குலத்து ஆண்கள் எதிர்ப் பந்தலில் அனோசிகேவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மருமகள்கள் டம்ளர்களை நிரப்பி முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

உலோவாகு டம்ளரைத் தூக்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கண்ணாடி" என்றாள்.

"ஆமா, அம்மா."

"சதுரமா இருக்கு. எங்க வாங்கின?"

"வாங்கல. நானே வெட்டினது." அஹுதியா ஒரு மூச்சு இழுத்தாள். "கூடத்து வாசல்ல நட்டிருந்த பாட்டிலுங்க. உங்க எல்லாரோட கல்யாணப் பாட்டிலுங்க. இன்னிக்குக் காலைலதான் எனக்கே தெரியும். தெரிஞ்சதுக்கப்புறம் மறைக்க மனசு வரல."

ஒருத்தி "அய்யோ!" என்றாள். இன்னொருத்தி கையிலிருந்ததைச் சட்டென்று கீழே வைத்தாள். உலோவாகு கைத்தடியை ஓங்கியதும் எல்லோரும் அடங்கினார்கள்.

"நீயா தோண்டின?"

"இல்லம்மா. குப்பைமேட்டுல கெடந்துது. பொறுக்கினேன்."

"குப்பைமேட்டுல."

"ஆமாம்மா."

"என்னோட பாட்டில். குப்பைமேட்டுல."

அந்த அம்மாள் மெல்லத் திரும்பினாள். எதிர்ப் பந்தலில் அனோசிகேவுக்கு அப்போதுதான் இருமல் வந்தது.

"தம்பி அனோசிகே! யாரு தோண்டச் சொன்னா?"

"அக்கா, சிமெண்ட் போடறப்போ... பழைய பாட்டிலு... மழையில பாதி வெடிச்சு..."

"பழைய பாட்டிலா? எங்கப்பன் தன் கையால குழி வெட்டி நட்டான்டா அத! நான் வாழப்போன அன்னிக்கு அழுதுகிட்டே நட்டான். அப்ப நீ மூக்கு ஒழுகிக்கிட்டு அம்மணமா நின்ன, நான் பாத்தேன். இன்னிக்கு உனக்கு அது குப்பையா?" கையிலிருந்த டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கி அதன் அடியை உற்றுப் பார்த்தாள். "இந்தா, இதோ நடுவுல காத்துக் குமிழி! இதுதான் என்னுது. நின்னு நின்னு பாத்த பாட்டிலு, எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான், இருபத்தெட்டுப் பேரும் டம்ளரைக் கவிழ்த்தார்கள். கள்ளைக் கொட்ட அல்ல, ஒரே மடக்கில் குடித்துவிட்டு அடியைப் பார்க்க.

"மண்வெட்டி பட்ட தழும்பு இருக்கே, அது என்னுது!"

"உன்னுதா? என்னுதுலதான் ஆடு முட்டி ஓரம் போச்சு. குடுடி இங்க!"

"எல்லாத்துலயும்தான் ஓரம் போயிருக்கு, விடு!"

உலோவாகு தடியால் தரையைத் தட்டினாள். "கேளுங்கடி. இந்தப் பாட்டில்ல ஜின் வந்தது யாருக்காக?"

"எங்களுக்காக!"

"குடிச்சது யாரு?"

"ஆம்பளைங்க!"

"நமக்கு ஒரு சொட்டுக் குடுத்தாங்களா?"

"இல்ல!"

"அம்பத்திரண்டு வருஷமா நான் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். அனோசிகே, உள்ள போ. கப்பல்ல வந்த நல்ல ஜின்னா, மூடி திறக்காததா, பொட்டியோட கொண்டா. நீயே ஊத்தணும். நின்னுகிட்டு ஊத்தணும்."

"அக்கா, வெயிலுக்கு அது ஆகாது. கொஞ்சம் கள்ளு வேணா..."

"ஊத்தறியா, இல்ல நாங்க எழுந்து போகட்டுமா?"

இருபத்தெட்டுப் பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். பிறந்த பெண்கள் சபித்துவிட்டு எழுந்து போன கூடத்தில் எந்த ஆண்பிள்ளை மறுபடி உட்காருவான்? அனோசிகே உள்ளே போனான். ஊருக்குத் தலைவன், சிவப்புத் தொப்பிக்காரன், பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். கூடவே குலத்து ஆண்கள் ஆளுக்கொரு பாட்டிலைத் திறந்துகொண்டு, குனிந்து குனிந்து வரிசையாக ஊற்றினார்கள்.

"கொறச்சலா ஊத்தற."

"இன்னும் விடு. விளிம்பு எங்க இருக்குன்னு தெரியலையா? அவ ஒரே மட்டமாத்தானே வெட்டியிருக்கா?"

உலோவாகு ஒரு வாய் குடித்தாள். உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தாள். எல்லோரும் அந்த உதட்டையே பார்த்தார்கள்.

"உறுத்தல" என்றாள். பிறகு உரக்க, தெருவுக்கே கேட்கும்படி: "உறுத்தலடி! என் அறுபத்தொம்பது வயசுல இப்படி ஒரு டம்ளர்ல குடிச்சதில்ல. ஆம்பளைங்க தூக்கிப் போட்டத ஒரு மருமக எடுத்துக் கழுவி, வெட்டி, தேச்சு நம்ம கையில குடுத்திருக்கா. அஹுதியா, இங்க வா. முழங்கால் போடாத, நில்லு. உன் பொண்ணுக்குக் கல்யாணம் எப்போ?"

"ஈஸ்டர் முடிஞ்சு, அம்மா."

"நான் முதல் நாளே வந்துருவேன். என்னோட இவளுங்களும் வருவாளுங்க. சோறு நெறைய ஆக்கி வை. மாப்பிள்ளை கொண்டாற ஜின்னு பாட்டில ஒருத்தனும் தொடக் கூடாது, சொல்லிட்டேன். அது பொண்ணுக்கு."

நாத்தனார்மார் கைதட்டிப் பாட்டெடுத்தார்கள். சினாசாவும் சுவரோரத்திலிருந்து ஓடி வந்து ஆடினாள். ஆடுவதற்கு நடுவிலேயே குனிந்து, "அடியே, இந்த மாதிரி ஒரு அம்பது வெட்டிக் குடேன், வாடகைக்கு நல்லாப் போகும்" என்று காதில் சொன்னாள்.

"கழுத்துச் சாஞ்சதா, நேரானதா அக்கா?"

"போடி!"

பாட்டுக்கு நடுவே அஹுதியா ஓசைப்படாமல் தன் வீட்டுச் சமையலறைக்குள் போனாள். இரும்புக் கம்பியைத் துணியில் சுற்றினாள். எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தாள்.

உகண்டு வாசலில் மறித்தான். "விருந்து நடக்குது, எங்க கெளம்பற?"

"இன்னிக்கு இல்ல, புத்தாண்டு கழிஞ்சு. எங்க ஊர்ல பொண்ணுங்க கூடற நாளு."

"அதுக்கு இந்தக் கம்பி எதுக்கு?"

"என்னைக் கேட்டு நீங்க ஒரு பாட்டில் கொண்டாந்தீங்களே, எங்கப்பன் வீட்டுக்கு? அது இப்ப எங்க கெடக்குன்னு எங்க அண்ணன்மாரக் கேக்கணும்" என்றாள் அஹுதியா. "அங்க நான்தானே நாத்தனாரு!"